பந்தியும் பண்பும்

விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்துள்ள சிற்றூர் திருவக்கரை. இவ்வாற்றை வராக நதி என்றும் வழங்குவர். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலை நாடி அடியார்கள் இவ்வூருக்கு வருகின்றனர். ஊரை அடுத்த செம்மண் மேட்டிலே கிடக்கும் கல்மரங்களைக் காண அறிவியல் அறிஞர்களும் மாணவர்களும் வருகின்றனர். சொன்னெரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் 1781ஆம் ஆண்டிலேயே இக்கல்மரங்களைப் பற்றி எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகின்றது.

அம்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. ஆகவே, அவை அங்கேயே முளைத்து வளர்ந்தவை அல்ல; பெருவெள்ளத்தால் வேறிடங்களிலிருந்து அடித்துக் கொண்டுவரப்பட்டவை என்று அறிஞர் முடிவு செய்தனர். அவை அனைத்தும் ஓரினத்தைச் சேர்ந்தவையும் அல்ல. பலவகை மரங்கள் ஒரே மணலில் புதைந்தன. மண்ணில் ஊறிய நீரிலே கரைந்திருந்த மணற்சத்து, மரத்தின் நுண்ணறைகளில் துளித்துளியாகப் படிந்தது. அதனால் மரம் கல்லாயிற்று. ஆயினும், ஒவ்வொரு மரத்தின் வளையங்களும் வரிகளும் இன்றும் அழியாமல் விளங்குகின்றன.

இக்காட்சி ஒரு வகுப்பறையை நினைவூட்டவல்லது. ஒரு வகுப்பில் அமரும் 40 பிள்ளைகளும் ஒரே வீட்டிலிருந்து வருபவர் அல்லர். உழவர் வீட்டுப் பிள்ளை, நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கல் உடைப்போர் வீட்டுப் பிள்ளை, அலுவலர் வீட்டுப் பிள்ளை என்று பல திக்கிலிருந்து வந்து ஓரிடத்தில் கூடுகின்றனர். அவர்களைக் கூட்டியது அவர்களுடைய விருப்பம் அன்று. வயதும் ஊரும் பள்ளிப் பதிவேடுமே அவர்களைக் கூட்டின. அவ்வாறு கூடிய கூட்டம், ஒருவர்க்கொருவர் துணை நிற்கும் குழுவாக மாறுவது எவ்வாறு? அம்மாற்றத்தைச் செய்யும் சத்து எது? பண்பு என்பதே அதற்கு விடை. எனினும், அப்பண்பு பிள்ளைகளின் உள்ளத்தில் படிவது எவ்வாறு என்பதே ஆராயத்தக்க வினா ஆகும்.

சொல்லும் செயலும்

பொறுமை, இன்சொல், நேர்மை, பரிவு, பகிர்ந்து கொள்ளுதல், பொறுப்புணர்வு ஆகியவை நற்பண்புகள் என்பதை அறியாத மாணவர் இலர். திருவள்ளுவர் இனியவை கூறலுக்கும், பொறையுடைமைக்கும், ஒப்புரவறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். நூலின் நூறாவது அதிகாரத்திற்குப் பண்புடைமை என்றே பெயரிட்டார். இவற்றை மனப்பாடம் செய்து பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன், அடுத்த நொடியே பக்கத்திலிருப்பவனின் எழுதுகோலைக் கேளாமல் எடுத்துக்கொள்வதும் உண்டு. அவன் குறளை அறியாதவன் அல்லன். குறள் கூறும் செயலில் பழகாதவன்.

நீந்தும் முறையை ஏட்டில் எழுதிப் படித்தவன் ஆற்றில் இறங்கியதும் நீந்திவிட முடியாது. கையும் காலும் நாள்தோறும் நீரோடு பழக வேண்டும். பண்பும் அத்தகையதே. பிறரோடு கூடி உண்ணும்போதும், கூடி உழைக்கும்போதும், விட்டுக்கொடுக்க நேரும்போதும், காத்திருக்க நேரும்போதும் அது பழக்கமாகின்றது. ஆதலால், பண்பைக் கற்பிக்க விரும்பும் பள்ளி முதலில் ஆராய வேண்டுவது தன் பாடநூலை அன்று. தன் நாள்முறையையே ஆகும். பிள்ளைகள் எங்கே அமர்கின்றனர்? யாரோடு உண்கின்றனர்? குடிநீரை எவ்வாறு எடுக்கின்றனர்? தரையைக் கூட்டுபவர் யார்? இவ்வினாக்களுக்குப் பள்ளி தரும் விடையே அங்கு நடைபெறும் உண்மையான ஒழுக்கப் பாடம் ஆகும். இதற்கு வரலாற்றிலிருந்தே இரண்டு சான்றுகள் காட்டலாம்.

டால்ஸ்டாய் பண்ணை

தென்னாப்பிரிக்காவில் இந்தியரின் உரிமைக்காகக் காந்தியடிகள் போராடிய காலம் அது. போராட்டத்தில் ஈடுபட்ட குடும்பங்கள் தங்கி வாழ்வதற்காக 1910ஆம் ஆண்டில், சோகன்னசுபர்க்கு நகரிலிருந்து 21 கல் தொலைவில், டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. 1,100 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தைக் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் வழங்கினார். அங்கு வாழ்ந்த பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியும் நடந்தது. அப்பிள்ளைகளில் தமிழரும் இருந்தனர். தெலுங்கர், குசராத்தியர், இந்தி பேசுவோரும் இருந்தனர். இந்து, இசுலாமியர், பார்சி, கிறித்தவர் என்னும் எல்லாச் சமயத்தினரும் இருந்தனர்.

பண்ணையில் வேலைக்காரர் எவரும் இலர். சமையல் முதல் கழிவகற்றுதல் வரை எல்லா வேலைகளையும் அங்கு வாழ்ந்தவர்களே செய்தனர். ஆசிரியர் தாம் செய்யாத வேலையை மாணவரைச் செய்யுமாறு ஏவலாகாது என்பது அங்கு விதியாக இருந்தது. குழி தோண்டும்போதும், மரம் வெட்டும்போதும், சுமை தூக்கும்போதும் ஓர் ஆசிரியரேனும் மாணவரோடு நின்று உழைத்தார். ஆகவே, வேலையில் உயர்வு தாழ்வு இல்லை என்பதைத் தனியே ஒரு பாடமாக நடத்த வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

ஆண்டுதோறும் இசுலாமியர் நோன்பு நோற்கும் ரமலான் திங்கள் பண்ணையிலும் வந்தது. இசுலாமியச் சிறுவர் நோன்பு நோற்கத் தொடங்கினர். பிற சமயத்துப் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாகப் பகலுணவை விடுத்தனர். கதிரவன் மறையும் வரை இசுலாமியப் பிள்ளைகள் உண்ணலாகாது. பிறர்க்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஆதலால், அவர்கள் முன்னதாகவே மாலை உணவை முடித்துக்கொண்டு, நோன்பு திறக்கும் தோழர்களுக்குச் சுவையான உணவு சமைத்துத் தம் கைகளாலேயே பரிமாறினர். சமயப் பொறை என்னும் சொல்லை அப்பிள்ளைகள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால், அடுப்படியில் நின்ற அந்த மாலைப் பொழுதுகளில் அவர்கள் அதனைக் கற்றுக்கொண்டனர்.

அப்பள்ளியில் அடங்காத சிறுவர் சிலரும் இருந்தனர். அவர்களோடு தம் புதல்வர்களையும் காந்தியடிகள் சேர்ந்து பழகவிட்டார். அது தகுமோ என்று காலன்பாக் ஐயுற்றார். காந்தியடிகள் பிரித்துவைக்க இசையவில்லை. அதனால் தம் புதல்வர்களுக்குத் தீங்கு விளையவில்லை என்றும், தாம் உயர்ந்தவர் என்ற எண்ணம் சிறிது இருந்திருப்பினும் அது அகன்றது என்றும், எல்லாரோடும் கலந்து பழக அவர்கள் கற்றனர் என்றும் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் குறித்துள்ளார். நல்லவரைத் தனியே காத்து வைப்பதால் அன்றி, எல்லாரும் கலந்து பழகுவதாலேயே பண்பு உறுதி பெறும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. எனினும், ஆசிரியரின் விழிப்பான கண்காணிப்பு அக்கலப்புக்கு இன்றியமையாதது என்பதையும் அவர் மறவாமல் கூறியுள்ளார்.

சேரன்மாதேவியில் நிகழ்ந்தது

இரண்டாம் சான்று தமிழ்நாட்டிலேயே உள்ளது. வ. வே. சு. ஐயர் நாட்டு விடுதலைக்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர். நாட்டுப் பற்றும் தமிழுணர்வும் உடைய இளைஞர்களை உருவாக்க வேண்டும் என்ற ஆர்வத்தால், 1922ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையில் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். பின்னர் அது சேரன்மாதேவியில் நடைபெற்றது. ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உடலுழைப்பும் அங்கே கற்பிக்கப்பெற்றன. தமிழ்நாட்டுக் காங்கிரசும், பல்வேறு வகுப்பைச் சேர்ந்த பொதுமக்களும், கடல் கடந்து வாழ்ந்த தமிழரும் அதற்குப் பொருள் உதவினர்.

நோக்கம் உயர்ந்தது, ஆசிரியர் உயர்ந்தவர், பாடத்திட்டமும் சிறந்தது. ஆனால், உணவு வேளையில் ஒரு வேறுபாடு புகுந்தது. பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனியே உணவு வழங்கப்பட்டது. அவர்களுடைய பெற்றோர் விதித்த நிபந்தனையே அதற்குக் காரணம் என்று ஐயர் தரப்பில் கூறப்பட்டது.

திருவக்கரை இருக்கும் அதே வட்டாரத்தில், திண்டிவனத்தை அடுத்துள்ளது ஓமந்தூர். அவ்வூர் உழவர் குடும்பத்தில் 1895ஆம் ஆண்டில் பிறந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவர் தம் மகனை அக்குருகுலத்திற்கு அனுப்பியிருந்தார். உணவில் மட்டுமன்றிக் குடிநீரிலும் தனக்கு வேறுபாடு காட்டப்பட்டதை அச்சிறுவன் தந்தையிடம் கூறினான் என்று அக்காலத்துத் தலைவர்கள் பதிவு செய்துள்ளனர். செய்தி நாடெங்கும் பரவியது. பெரியார் ஈ. வெ. இராமசாமியும், டாக்டர் பெ. வரதராசுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பொதுமக்கள் பொருளால் நடக்கும் பள்ளியில் பிள்ளைகளுக்குள் பிறப்பால் வேற்றுமை பாராட்டலாமா என்று அவர்கள் வினவினர். 1925ஆம் ஆண்டில் இவ்வாதம் தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளக்கும் அளவிற்கு வளர்ந்தது. அவ்வாண்டு சூன் திங்களில், பாபநாசத்துக்கு மேலுள்ள அருவியில் தவறி விழுந்த தம் மகளைக் காக்க முயன்று ஐயர் உயிர் துறந்தார். அதன் பின்னர் அக்குருகுலம் முன்போல் தழைக்கவில்லை.

இவ்வரலாறு எவரையும் பழிப்பதற்காக இங்குக் கூறப்படவில்லை. இதில் கற்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. அக்குருகுலத்து வகுப்பறையில் ஒற்றுமை கற்பிக்கப்பட்டது. உணவறையில் வேற்றுமை கற்பிக்கப்பட்டது. இரண்டையும் கண்ட சிறுவன் எதனை நம்புவான்? செவியால் கேட்ட பாடத்தைவிட, இலையின் முன்னும் நீர்ப்பானையின் முன்னும் பட்ட பாடமே அவன் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. ஒரு பள்ளியின் நூறு நற்செயல்களை ஒரு தனிப்பந்தி வென்றுவிட்டது.

மகனுக்கு நேர்ந்ததை அறிந்த தந்தை, பின்னர் நாடாளும் பொறுப்பை ஏற்றார். 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்பிரல் வரை ஓமந்தூரார் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராக விளங்கினார். தாழ்த்தப்பட்ட மக்கள் எல்லாக் கோயில்களிலும் சென்று வழிபடுவதற்கு உரிமை அளித்த சட்டம் 1947ஆம் ஆண்டில் அவர் ஆட்சியில் நிறைவேறியது. பதவியை விட்டு நீங்கிய பின்னர், வள்ளலார் நெறியில் ஈடுபட்டு வடலூரில் வாழ்ந்து, 1970ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். அந்த வடலூரில்தான் 1867ஆம் ஆண்டில் இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். சாதி, சமயம், ஊர் என எதனையும் வினவாமல், பசித்து வந்தோர் அனைவர்க்கும் அங்கே உணவு வழங்கப்படுகின்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து வருகின்றது.

ஒரே பந்தி, ஒரே உடை

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்பது இன்று இயல்பாகத் தோன்றலாம். ஆனால், அது தானாக அமைந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்கியது. 1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் உரியதாகத் தொடங்கினார். அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் அதில் சேர்ந்தது. பள்ளிக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, ஊர் மக்களைக் கூட்டிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஒருவர் நெல் கொடுத்தார். ஒருவர் பாத்திரம் கொடுத்தார். ஒருவர் நிலம் கொடுத்தார். தம் பிள்ளைக்கு மட்டும் உணவளித்து வந்த ஊர், ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் உணவளிக்கக் கற்றுக்கொண்டது.

1960ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை வழங்கும் திட்டமும் தொடங்கியது. செல்வர் வீட்டுப் பிள்ளை பட்டுடுத்தி வர, ஏழை வீட்டுப் பிள்ளை கந்தலை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் ஒடுங்கியிருந்த நிலை அதனால் குறைந்தது. 1982ஆம் ஆண்டில் முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரன் மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்த திட்டத்தால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடைக்கலாயிற்று.

இத்திட்டங்கள் பசியைப் போக்கின என்பது ஒரு பயன். ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பானையில் சமைத்த உணவை உண்ணும் பிள்ளைகள் நாள்தோறும் சமத்துவத்தைப் பழகினர் என்பது அதனினும் நுட்பமான மற்றொரு பயன் ஆகும்.

வரிசை மட்டும் போதுமா?

எனினும், ஒரே வரிசையில் அமர்த்திவிட்டால் உள்ளங்களும் ஒன்றாகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. 2023 ஆகஸ்டுத் திங்களில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன் பயின்ற மாணவர்களாலேயே சாதிப் பகை காரணமாக வீடு புகுந்து வெட்டப்பட்டனர். நாடு அதிர்ந்தது. மாணவரிடையே சாதி வேற்றுமையைக் களைவதற்கு வழி காண, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 சூனில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது என்பதும், அகர வரிசைப்படி மாணவரை அமர்த்த வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும்.

சீருடையின் நிறம் ஒன்றாக இருந்தும் மணிக்கட்டில் வேறு நிறம் ஏறுகின்றது. பந்தி ஒன்றாக இருந்தும் பேச்சில் பகை புகுகின்றது. அரசு பந்தியை அமைக்கலாம், உடையை வழங்கலாம், விதியை வகுக்கலாம். பக்கத்தில் அமர்ந்தவனைத் தோழனாக ஏற்பது அம்மாணவன் ஒருவனாலேயே முடியும். ஆதலின், அரசு செய்து முடித்த இடத்திலிருந்து வகுப்பு தன் பணியைத் தொடங்க வேண்டும்.

வகுப்பில் பழகும் முறை

இத்தாலிய நாட்டுக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவர் வகுத்த முறையில், வகுப்பிலுள்ள ஒவ்வொரு கல்விக் கருவியும் ஒன்றே ஒன்றாக இருக்கும். பொருட்பற்றாக்குறை அதற்குக் காரணம் அன்று. ஒரு குழந்தை அதனை வைத்துப் பயிலும்போது மற்றொரு குழந்தை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் குழந்தை பொறுமையைக் கற்கும். பயன்படுத்தும் குழந்தை, பின்வருவோர்க்காகப் பொருளைப் பழுதின்றித் திருப்பி வைக்கக் கற்கும். "பொறுமையாயிரு" என்று ஆசிரியர் நூறு முறை கூறுவதைவிட, ஒரே ஒரு கருவி அப்பண்பை நன்கு கற்பிக்கின்றது.

இத்தகைய கருவிகள் எந்தப் பள்ளியிலும் உண்டு. அவை விலைக்கு வாங்கப்படுவன அல்ல. குடிநீர்க் குழாய் ஒன்று. அதனை நாடும் பிள்ளைகள் பலர். இடைவேளை மணி அடித்ததும் வலியவன் முந்தினால், எளியவன் தாகத்தோடு வகுப்பிற்குத் திரும்புவான். வரிசையில் நின்றால் அனைவரும் குடிப்பர். நாள்தோறும் அவ்வரிசையில் நிற்கும் சிறுவன், தன் உரிமைக்கும் பிறர் உரிமைக்கும் உள்ள எல்லையை அறிந்துகொள்கின்றான்.

கரும்பலகையைத் துடைத்தல், தரையைப் பெருக்குதல், செடிக்கு நீர் ஊற்றுதல், நூல்களை அடுக்குதல் ஆகிய வேலைகள் முறைவைத்துச் செய்யப்பட வேண்டும். பெருக்கும் வேலை பெண்களுக்கு என்றும், சுமக்கும் வேலை ஆண்களுக்கு என்றும், தூய்மைப் பணி இன்னாருக்கு என்றும் பிரிக்கத் தொடங்கினால், அப்பிரிவே ஒரு தீய பாடமாகிவிடும். தலைமையும் அவ்வாறே முறைமாறி வருதல் நன்று. எப்போதும் ஏவுபவன் பணிவை அறியான்; எப்போதும் ஏவப்படுபவன் தன் ஆற்றலை அறியான். இரண்டையும் மாறி மாறிச் செய்பவனே பொறுப்பை உணர்வான்.

நடு ஆண்டில் வேற்றூரிலிருந்து ஒரு மாணவி வந்து சேர்வதாகக் கொள்வோம். அவள் பேச்சு வழக்கு வேறாக இருக்கலாம். அதனைக் கேட்டு ஒருத்தி நகைத்தால் போதும். அவள் பல நாள் வாய் திறவாள். ஒருத்தி அருகழைத்து அமர்த்தி, விடுபட்ட பாடங்களை எழுதிக்கொள்ளத் தன் குறிப்பேட்டைக் கொடுத்தால், அன்று மாலையே அவள் அவ்வகுப்பிற்கு உரியவளாகிவிடுவாள். ஒரு வகுப்பின் பண்பை அளந்தறிய வேண்டுமாயின், அதன் முதல் மாணவன் பெற்ற மதிப்பெண்ணைக் காண்பது போதாது. அதில் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளை எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பதைக் காண வேண்டும்.

பிள்ளைகளுக்குள் பூசல் எழுவது இயல்பு. அப்போது இருவரையும் அமரச் செய்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்கச் செய்தல் வேண்டும். கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிக் கூறுமாறு செய்தால், பாதிப் பகை அங்கேயே தணியும். தவறு செய்தவர், மன்னிப்புக் கேட்பதோடு அமையாமல், தாம் கெடுத்ததைச் சீர் செய்தலும் வேண்டும். கிழித்த நூலை ஒட்டிக் கொடுப்பவன், தண்டனை பெற்றவனைவிட மிகுதியாகக் கற்கின்றான்.

இவற்றால் பாடம் படிக்கும் நேரம் வீணாகாதா என்று சிலர் ஐயுறலாம். உண்மை அதற்கு மாறானது. ஏளனம் செய்வார் உள்ள வகுப்பில், ஐயம் தோன்றிய மாணவன் எழுந்து வினவ அஞ்சுவான். அறியாமையை மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பான். ஏளனம் இல்லாத வகுப்பில் அவன் துணிந்து வினவுவான். அவன் வினவிய ஒரு வினாவால், வினவாத பத்துப் பேருக்கும் தெளிவு பிறக்கும். கணக்கில் வல்லவன் அடுத்திருப்பவனுக்கு விளக்கும்போது, கேட்பவன் மட்டுமன்றி விளக்குபவனும் தெளிவடைகின்றான். ஆகவே, நல்லுறவு கல்விக்கு இடையூறு அன்று. அதுவே கல்வி விளையும் நிலம் ஆகும்.

போலி ஒற்றுமை

ஒற்றுமை என்ற பெயரால் தோன்றும் போலி ஒன்றும் உண்டு. ஒரு மாணவன் செய்த குற்றத்தை வகுப்பு முழுவதும் கூடி மறைப்பது ஒற்றுமை அன்று. எளியவன் ஒருவனைப் பட்டப்பெயரிட்டு அழைத்து அனைவரும் சேர்ந்து நகைப்பதும் ஒற்றுமை அன்று. அடுத்த வகுப்பைப் பகையாகக் கருதித் தம் வகுப்பில் கட்டுப்பாடாக இருப்பதும் ஒற்றுமை அன்று. கயிறு கட்டித் திரியும் கூட்டத்திற்கும் தன்னளவில் ஒருவகைக் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்கின்றது. ஆனால், அக்கட்டுப்பாடு வெளியே நிற்பவனை வெறுப்பதால் வளர்வது. பண்பால் விளையும் ஒற்றுமையோ வெளியே நிற்பவனை உள்ளே அழைப்பது. எல்லாரும் நகைக்கும்போது நகைக்காமல் இருக்கும் ஒருவன், எல்லாரும் ஒதுக்கியவன் பக்கத்தில் சென்று அமரும் ஒருத்தி — இத்தகையோரின் துணிவே ஒரு வகுப்பை நல்ல குழுவாக்கும் தொடக்கம் ஆகும்.

டால்ஸ்டாய் பண்ணைச் சிறுவர் தம் தோழர்க்குப் பரிமாறிய மாலை உணவும், சேரன்மாதேவியில் தனியே இடப்பட்ட இலையும் இன்று வரலாறாகிவிட்டன. ஆனால், அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு பள்ளியிலும் நாள்தோறும் நண்பகல் மணி அடிக்கும்போது வருகின்றது.

திருவக்கரைக் கல்மரங்களைக் காணச் செல்லும் மாணவர், அவற்றின் வரிகளைக் கண்டு வியப்பர். வெவ்வேறிடத்திலிருந்து வந்த அம்மரங்கள் ஒரே நாளில் கல்லாகிவிடவில்லை. கண்ணுக்குப் புலப்படாத சிறு துகள் ஒவ்வொன்றாகப் படிந்து படிந்தே அவ்வுறுதி விளைந்தது. தன் வரிகளை எம்மரமும் இழக்கவும் இல்லை. வகுப்பில் கூடும் பிள்ளைகளும் தம் மொழி வழக்கையோ, சமயத்தையோ, இயல்பையோ இழந்து ஒன்றாக வேண்டுவதில்லை. இன்று கொடுத்த ஒரு குறிப்பேடு, நாளை காத்திருக்கும் ஒரு வரிசை, மறுநாள் கேட்கும் ஒரு மன்னிப்பு எனச் சிறு சிறு செயல்கள் படியப் படியப் பண்பு உறுதிப்படும். அவ்வுறுதி பெற்ற பிள்ளைகள் பள்ளியை விட்டு ஊருக்குள் செல்லும்போது, அங்குள்ள தனிப்பந்திகளும் ஒரே பந்தியாகும் காலம் வரும்.